1988-இன் கிண்ணம் எந்த வீட்டுக்குரியது? இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைவரும் நிர்வாகக் குழுவினரும், உதைபந்தாட்டச் சங்கம், வெம்பிளி, லண்டன்.

பொருள்: ரசிகர்கள் தொடங்கிய கழகமொன்று, தனக்கு முன்பிருந்த கழகத்தின் வரலாற்றுக்கு உரிமை கோருவது பற்றி.

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

தெற்கு லண்டனில் பிளவ் லேனும் டேர்ன்ஸ்ஃபோர்ட் வீதியும் சந்திக்கும் மூலையில் இன்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. அதன் பெயர் ரெனால்ட்ஸ் கேட். 1963-ஆம் ஆண்டு வெம்பிளியில் சட்டன் யுனைடெட்டை 4–2 என்று வென்று விம்பிள்டன் கழகம் அமெச்சூர் கிண்ணத்தை எடுத்தபோது, நான்கு கோல்களையும் தலையாலேயே அடித்த எடி ரெனால்ட்ஸின் நினைவாக அந்தப் பெயர் வைக்கப்பட்டது. வளாகத்துக்குள் நுழைந்தால் ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும் சான்செஸ், பாஸெட், கோர்க் என்று அந்தக் கழகத்தோடு வாழ்ந்தவர்களின் பெயர்களைக் காணலாம். கழகம் 1912 முதல் 1991 வரை ஆடிய மைதானம் அந்தக் கட்டடங்களின் அடியில்தான் கிடக்கிறது. அங்கிருந்து சில நிமிடங்கள் நடந்தால், முன்பு நாய்ப் பந்தயம் நடந்த நிலத்தில் எழுந்த புதிய விளையாட்டரங்கு வரும்; ரசிகர்கள் 2002-இல் தொடங்கிய ஏ.எஃப்.சி. விம்பிள்டன் கழகத்தின் அரங்கு அது. சனிக்கிழமை பிற்பகலில் அங்கே கோல் விழுந்தால் ரெனால்ட்ஸ் கேட்டில் சமையலறை யன்னலைத் திறந்து வைத்திருப்பவருக்கும் அது தெரிந்துவிடும்.

அந்தப் பகுதியில் குடியிருக்கும் தமிழர்களில் ஒருவனாக இந்த மடலை எழுதுகிறேன். டூட்டிங்கிலும் மிட்சமிலும் விம்பிள்டனிலும் எங்களவர் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் ஒரு பகுதியினர் நீலமும் மஞ்சளும் அணிந்து அந்த அரங்குக்குப் போகிறார்கள். 2002-இல் பிறந்த கழகத்துக்கு உங்கள் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கிண்ணத்தின் 1988-ஆம் ஆண்டு வெற்றி எப்படிச் சொந்தமாகும் என்று ஒரு பிள்ளை கேட்டால் வீட்டில் என்ன விடை சொல்வது என்பதே என் கேள்வியின் தொடக்கம். விடை என்னிடம் இருக்கிறது. அதை உங்கள் பதிவேட்டிலும் காண விரும்புகிறேன்.

நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆனாலும் வரிசை பிசகாமல் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த வழக்கில் வாதம் முழுவதும் வரிசையில்தான் இருக்கிறது. 1889-இல் விம்பிள்டன் ஓல்ட் சென்ட்ரல்ஸ் என்ற பெயரில், விம்பிள்டன் கொமன் என்னும் பொதுவெளியில் ஆடத் தொடங்கிய கழகம் அது. 1977-இல் தொழில்முறை லீக்குக்குத் தெரிவாகி, ஒன்பது ஆண்டுகளில் முதல் பிரிவை எட்டி, 1988 மே 14 அன்று லோரி சான்செஸின் ஒரே கோலால் லிவர்பூலை வென்று கிண்ணத்தை எடுத்தது. அந்த ஆட்டத்தில் ஜோன் ஓல்ட்ரிட்ஜின் பெனால்டி உதையைத் தடுத்த டேவ் பெஸண்ட், வெம்பிளியில் நடந்த எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டமொன்றில் பெனால்டியைத் தடுத்த முதல் கோல்காப்பாளர் என்று உங்கள் சங்கத்தின் வரலாற்றிலேயே இடம்பெற்றவர். 1991-இல் கழகம் சொந்த மைதானத்தை விட்டு, செல்ஹர்ஸ்ட் பார்க்கில் கிறிஸ்டல் பலஸ் கழகத்தின் குடித்தனக்காரனாகப் போனது. 2001-இல் அதன் உரிமையாளர்கள், லண்டனுக்கு வடக்கே வெகுதூரத்தில் இருக்கும் மில்டன் கீன்ஸுக்குக் கழகத்தைக் கொண்டுபோகப் போவதாக அறிவித்தார்கள். லீக் மறுத்தது. விவகாரம் நீங்கள் அமைத்த மூவர் ஆணைக்குழுவிடம் வந்து, 2002 மே 28 அன்று இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் இடமாற்றம் அனுமதிக்கப்பட்டது.

அந்த அறிக்கையில் ஒரு தொடர் உண்டு. ரசிகர்கள் விம்பிள்டனில் புதிதாக ஒரு கழகத்தை அடியிலிருந்து தொடங்கலாமே என்ற யோசனை, உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்று அதில் எழுதப்பட்டது. இந்த ஊரில் அந்தத் தொடரை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதைக் கொண்டுவந்து உங்கள் முகத்தில் வீசுவது என் நோக்கமன்று. ஆனால் ஆணைக்குழு வேண்டாமென்ற அதே காரியத்தை, தீர்ப்பு வந்த சில நாட்களுக்குள் ரசிகர்கள் செய்துவிட்டார்கள். ஜூன் மாத இறுதியில் அணிக்கு ஆட்களைத் தெரிவுசெய்ய விளையாட்டு வீரர்களை அழைத்தபோது ஏறத்தாழ 230 பேர் வந்தார்கள். 1889-இல் முன்னோர்கள் பந்து உதைத்த அதே விம்பிள்டன் கொமனில்தான் அந்தத் தேர்வு நடந்தது. ஜூலை 10 அன்று சட்டனில் நடந்த முதல் சிநேகபூர்வ ஆட்டத்தைக் காண 4,657 பேர் திரண்டார்கள். ஆட்டத்தில் 4–0 என்று தோற்றார்கள்; அதைப் பற்றி அன்றைக்கு யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பருவத்தில் கம்பைன்ட் கவுண்டீஸ் லீக்கில் கிராமத்து அணிகளோடு ஆடிய ஏ.எஃப்.சி. விம்பிள்டனுக்கு வந்த சராசரிக் கூட்டம், பல படிகள் மேலே இன்னமும் விம்பிள்டன் என்ற பெயரோடு செல்ஹர்ஸ்டில் ஆடிக்கொண்டிருந்த கழகத்துக்கு வந்த கூட்டத்தைவிட அதிகம்.

இனி உரிமைக்கு வருகிறேன். ஒரு கழகம் என்று நாம் சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு பொருட்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன; அவை ஒரே கையில் இருக்கும்வரை அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை எவருக்கும் வருவதில்லை. ஒன்று, குறிப்பிட்ட பிரிவில் ஆடுவதற்கான லீக் உரிமம். அது கம்பனியின் சொத்து, விற்கலாம், வாங்கலாம். மற்றது பெயரும் சின்னமும். அவை வணிகக் குறிகளாகப் பதியப்படுவதால் அவற்றுக்கும் விலை உண்டு. மூன்றாவது வரலாறு. அதற்குக் கம்பனிச் சட்டத்தில் பெயரே கிடையாது. முறிந்த கம்பனியைப் பொறுப்பெடுக்கும் நிர்வாகி, கதவு கழற்றுவதுபோல அதைக் கழற்றி ஏலத்தில் வைக்க முடியாது. 2003 ஜூனில் பழைய விம்பிள்டன் கம்பனி நிர்வாகியின் கைக்குப் போய், 2004-இல் வேறொரு கம்பனி மில்டன் கீன்ஸ் டோன்ஸ் என்ற பெயரில் லீக்கில் அதன் இடத்தை எடுத்துக்கொண்டபோது, கைமாறியது உரிமம். அந்த உரிமத்தின் வாலில் கட்டப்பட்டு வரலாறும் போய்விட்டதாகச் சில ஆண்டுகள் எல்லோரும் நடந்துகொண்டோம்.

யாழ்ப்பாணத்து ஊர்களில் காணி உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி, அந்த வீட்டுப் பெரியவருக்கு ஆண்டுதோறும் திவசம் செய்பவர் யார் என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் ஒரே விடை வராத வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. உறுதியை வைத்திருப்பவர் வேலியைத் தள்ளிக் கட்டலாம். அதற்காகச் செத்தவரின் பிள்ளை என்று தன்னை அவர் சொல்லிக்கொள்வதில்லை.

ரசிகர்கள் தொடங்கிய கழகம் அந்த உரிமத்தைக் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பழைய கழகத்தின் பிரிவில் தங்களை இருத்துமாறு ஒரு விண்ணப்பமும் போடாமல், அடியிலிருந்து ஏறினார்கள். ஒன்பது பருவங்களில் ஐந்து முறை மேற்பிரிவுக்கு உயர்ந்து, 2011 மே மாதம் மான்செஸ்டரில் லூட்டன் டவுனைப் பெனால்டி உதைகளில் வென்று லீக்குக்குள் வந்தார்கள். இடையில் 2003 பெப்ரவரி முதல் 2004 டிசம்பர் வரை 78 லீக் ஆட்டங்களில் தோல்வியே காணாத ஒரு தொடரும் உண்டு. இந்தச் சாதனைக்குப் பழைய கழகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. புதிய கழகத்துக்கே உரியது. அதை நான் சொல்வதற்குக் காரணம், வரலாற்றுக்கு உரிமை கோருவதும் புள்ளிவிவரங்களைக் கூட்டிக் கலப்பதும் ஒன்றல்ல என்பதுதான். பழைய கழகத்தில் ஒருவர் அடித்த கோல்களையும் புதிய கழகத்தில் இன்னொருவர் அடித்த கோல்களையும் ஒரே பட்டியலில் போட்டுச் சாதனை வீரரைத் தேட வேண்டியதில்லை. பட்டியல்கள் இரண்டாகவே இருக்கட்டும். நான் கேட்பது, முதற் பட்டியலைக் காத்து வைத்திருப்பவர் யார் என்று தெளிவாக எழுதுங்கள் என்பதையே.

காத்து வைத்திருப்பது என்ற சொல்லை யோசித்தே பயன்படுத்துகிறேன். வரலாறு கோருபவர் கிண்ணத்தை மட்டும் பொறுக்கி எடுக்க முடியாது. 1988 மே 14-ஐக் கேட்டால், சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 2000 மே 14 அன்று சௌதாம்டனில் தோற்றுப் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிய நாளையும் சேர்த்தே ஏற்க வேண்டும். கிறேஸி காங் என்று அந்த அணியைக் கொண்டாடுபவர்கள், அதன் முரட்டு ஆட்டத்தால் நாடு முழுவதும் சம்பாதித்த வெறுப்பையும் ஏற்க வேண்டும். ஏ.எஃப்.சி. விம்பிள்டன் ரசிகர்களிடம் பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். சௌதாம்டனைப் பற்றி இன்னும் கொஞ்சம் அதிகமாகவே சொல்வார்கள்.

ஆட்களின் தொடர்ச்சியையும் பாருங்கள். 1975-இல் லீக்குக்கு வெளியே இருந்த விம்பிள்டன், முதல் பிரிவின் பேர்ன்லியை அதன் சொந்த மைதானத்தில் வென்று, அடுத்த சுற்றில் லீட்ஸ் யுனைடெட்டோடு 0–0 என்று முடித்தது. அன்று பீற்றர் லோரிமரின் பெனால்டியைப் பிடித்த கோல்காப்பாளர் டிக்கி கை, பின்னாளில் ஏ.எஃப்.சி. விம்பிள்டனின் கௌரவத் தலைவராக வந்தமர்ந்தார். பழைய கழகத்துக்காகப் பத்தாண்டுக்கு மேல் ஆடிய நீல் ஆர்ட்லி புதிய கழகத்தின் முகாமையாளராக 2012 முதல் 2018 வரை இருந்தார். புதிய அரங்கைக் கட்டி முடிக்கப் பணம் தட்டுப்பட்டபோது, பெரிய முதலாளி ஒருவரிடம் கழகத்தை ஒப்படைக்காமல், ரசிகர்களும் அயலவர்களும் கடன் பத்திரங்கள் வாங்கி 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். 2020 நவம்பர் 3 அன்று டொன்காஸ்டருக்கு எதிராகப் பிளவ் லேனின் புதிய அரங்கில் நடந்த முதல் ஆட்டம் 2–2 என்று முடிந்தது. 29 ஆண்டுகள் காத்திருந்தவர்கள் அதை வீட்டிலிருந்து திரையில்தான் பார்த்தார்கள். தொற்றுக்காலக் கட்டுப்பாட்டால் இருக்கைகள் அனைத்தும் வெறுமையாக இருந்தன. ஊர் திரும்பிய நாளில் ஊரவர் இல்லாத அந்தக் காட்சியை நினைக்கும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

எதிர்த்தரப்பு வாதங்களில் மிகவும் கனமானது அந்த இரண்டு பருவங்களைப் பற்றியது. 2002 முதல் 2004 வரை இரண்டு கழகங்களும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தன. தந்தை உயிரோடு இருக்கும்போதே மகன் வாரிசுரிமை கொண்டாடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. என் விடை, அந்த இரண்டு பருவங்களையும் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் கோரக் கூடாது என்பதே. 2003–04 பருவத்தில் பழைய கழகம் தன் பிரிவில் கடைசி இடத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய பருவத்தில், ரசிகர்கள் புறக்கணித்த செல்ஹர்ஸ்டில் ஆயிரம் பேரும் இல்லாத ஆட்டங்களும் நடந்தன. மில்டன் கீன்ஸ் தன் பிறப்பை 2004 என்று கணக்கிடுவதால் அதுவும் அந்தப் பருவங்களைக் கோருவதில்லை. அநாதையாகக் கிடக்கும் அந்த இரண்டு ஆண்டுகளை அநாதை என்றே உங்கள் பதிவேடு எழுதட்டும். 113 ஆண்டுகளுக்கு உரியவரைச் சொல்ல, இந்த இரண்டு ஆண்டுகள் தடையாக இருக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் மில்டன் கீன்ஸ்காரர்களுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் போனால் அது நேர்மையாகாது. 2006 அக்டோபரில் இரு தரப்பு ரசிகர் அமைப்புகளும் தேசிய ரசிகர் கூட்டமைப்பின் நடுநிலையில் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, அதன்படி 2007 ஆகஸ்டில் எஃப்.ஏ. கிண்ணத்தின் பிரதி உட்பட விம்பிள்டனின் பரிசுகளும் நினைவுப் பொருட்களும், பெயர் சார்ந்த வணிகக் குறிகளும், விம்பிள்டனை உள்ளடக்கிய மெர்ட்டன் நகரசபையிடம் கையளிக்கப்பட்டன. தாங்கள் அந்த வரலாற்றுக்கு உரியவர்களல்லர் என்பதை உரிமம் வைத்திருந்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். 2004-க்குப் பிறகு அந்த நகரில் பிறந்து, தன் ஊரின் அணியைப் பார்க்கப் போகும் பிள்ளை எந்தப் பிழையும் செய்யவில்லை. அவளுக்குத் தன் கழகத்தின் சொந்த வரலாறு போதும். ஆக, 2007-லிருந்து இந்த வழக்கில் எதிர்மனுதாரரே இல்லை. பொருட்கள் நகரசபையிடம் வந்து சேர்ந்துவிட்டன. நீதிபதியின் ஏட்டில்தான் தீர்ப்பு ஏறவில்லை.

பதிவேடு எப்படிப் பிழையாகப் போகலாம் என்பதற்கு அவுஸ்திரியாவில் ஒரு பாடம் இருக்கிறது. 1933-இல் தொடங்கிய அவுஸ்திரியா சால்ஸ்பர்க் கழகத்தை 2005-இல் றெட் புல் நிறுவனம் வாங்கியது. ஊதா–வெள்ளை நிறத்தைச் சிவப்பு–வெள்ளையாக்கியது. இது மரபோ வரலாறோ இல்லாத புதிய கழகம் என்று தானே அறிவித்தது. ஊதா நிறத்தை விட மறுத்த ரசிகர்கள் அதே ஆண்டில் பழைய பெயரிலேயே கழகம் தொடங்கி, 2006-இல் ஆகக் கீழ்ப் பிரிவில் ஆடப் போனார்கள். வேடிக்கை என்னவென்றால், வரலாறு வேண்டாம் என்ற நிறுவனத்தைப் பிடித்து, 1933-ஐ வைத்துக்கொள் என்று கட்டாயப்படுத்தியது அந்நாட்டு உதைபந்தாட்ட நிர்வாகம். அதனால் 1994-இல் யூஃபா கிண்ண இறுதியாட்டம் வரை போன ஊதா அணியின் பெருமை, ஊதாவைத் தூக்கி எறிந்தவரின் பெயரில் இருக்கிறது. உரிமம் போகும் வழியே வரலாறும் போக வேண்டும் என்ற சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தால் இப்படித்தான் முடியும்.

இந்தக் கதவைத் திறந்தால் கோபித்துக்கொண்டு வெளியேறும் ஒவ்வொரு குழுவும் வரலாறு கேட்டு வரிசையில் நிற்குமே என்று உங்கள் சட்டத்தரணிகள் சொல்லக்கூடும். அப்படி நடக்காது. 2005-இல் மான்செஸ்டர் யுனைடெட்டைக் கிளேசர் குடும்பம் வாங்கியபோது வெளியேறிய ரசிகர்கள் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டரைத் தொடங்கினார்கள். மூத்த கழகம் அதே ஊரில், அதே அரங்கில் தொடர்ந்து ஆடிக்கொண்டிருக்கையில் அதன் கிண்ணங்களை இளைய கழகம் தன்னுடையதாக எண்ண இடமில்லை. அங்கே பிரிந்து போனவர்கள் ரசிகர்கள். விம்பிள்டனில் பிரிந்து போனது கழகம், இருந்த இடத்திலேயே இருந்தவர்கள் ரசிகர்கள். வேறுபாடு அவ்வளவு வெளிப்படையானது. மான்செஸ்டருக்கு அருகே பெரி என்னும் ஊரில் நடந்ததோ உங்கள் கையெழுத்தாலேயே முடிந்தது. 1900-இலும் 1903-இலும் உங்கள் கிண்ணத்தை வென்ற பெரி கழகம் 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. ரசிகர்கள் பெரி ஏ.எஃப்.சி. என்ற பெயரில் வேறு ஊரின் மைதானத்தில் ஆடினார்கள். கிக் லேன் மைதானம் மீட்கப்பட்டு, இரு ரசிகர் அமைப்புகளும் ஒன்றிணைய வாக்களித்த பின், 2023-இல் பழைய பெயரிலேயே ஆட நீங்கள் அனுமதி தந்தீர்கள். பெரிக்கு ஒரு நீதி, விம்பிள்டனுக்கு மௌனம் என்றால் அதற்குக் காரணம் கேட்பது தவறாகாது.

2025 ஜூலையில் சட்டமான உதைபந்தாட்ட நிர்வாகச் சட்டத்தின்படி, ஒரு கழகம் தன் சின்னத்தையும் சட்டை நிறத்தையும் ரசிகர்களைக் கேட்காமல் மாற்றுவதும், அனுமதியின்றி ஊர் மாறுவதும் இனி இலகுவாக நடவாது. அதை மனமார வரவேற்கிறேன். 2001-இல் இருந்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் அது இருக்கும் கழகங்களுக்கான காவல். போய்விட்ட கழகமொன்றின் நினைவைச் சுமப்பவர் யார் என்று பதிவது, 1871-இலிருந்து கிண்ணம் நடத்தி வென்றவர் பெயரைப் பொறித்துவரும் உங்கள் சங்கத்தின் வேலை.

ஆகவே என் வேண்டுகோள் இது. முன்னைய கழகம் கலைந்துபோயோ, தன் வரலாற்றைத் தானே கைவிட்டோ இருந்தால்; புதிய கழகம் அதே ஊரில், அதே ரசிகர்களின் பெரும்பான்மை உடைமையில், லீக்கில் எந்தச் சலுகையும் கேளாமல் அடியிலிருந்து தொடங்கியிருந்தால்; பழைய கழகத்தின் வெற்றியோடு இழிவையும் தன் ஏட்டில் சேர்த்து எழுத அது உடன்பட்டால், அந்தக் கழகத்தை வரலாற்றின் காப்பாளர் என்று அங்கீகரிக்கும் விதியொன்றை உங்கள் சங்கம் இயற்ற வேண்டும். உரிமையாளர் என்ற சொல் வேண்டாம், காப்பாளர் என்றே இருக்கட்டும். உரிமையாளர் என்றால் நாளை இன்னொருவர் விலை பேசுவார்.

அந்த விதியின்கீழ் எழுதப்படும் முதற் குறிப்பு விம்பிள்டனுடையதாக இருக்க வேண்டும். கிண்ணம் வென்றவர்களின் பட்டியலில் 1988-க்கு நேரே இப்போது விம்பிள்டன் என்று மட்டும் இருக்கிறது. அதை மாற்ற வேண்டியதில்லை, வென்றது விம்பிள்டன்தான். உங்கள் வெளியீடுகளில் அந்தப் பெயர் வருமிடத்தில் அடிக்குறிப்பாக ஒரு வரி போதும்: "இக்கழகத்தின் 1889 முதல் 2002 வரையான வரலாறு, மெர்ட்டன் பிளவ் லேனில் ஆடும் ஏ.எஃப்.சி. விம்பிள்டனின் காப்பில் உள்ளது."

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, எடுக்கும் முடிவை, அது மறுப்பாகவே இருந்தாலும், காரணத்தோடு எழுத்தில் அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த மடலின் ஆங்கிலப் பிரதியைத் தபாலில் தனியே அனுப்பியிருக்கிறேன்.

இங்ஙனம்,
பிளவ் லேனுக்கு அருகில் வசிக்கும் ஓர் உதைபந்தாட்ட ரசிகன்,
மெர்ட்டன், தென்மேற்கு லண்டன்.